பாய்ச்சலும் விழுமிடமும்

நெடுந்தீவின் வேலிகள் யாழ்ப்பாணத்து ஏனைய ஊர்களின் வேலிகளைப் போன்றன அல்ல. கதியாலும் கிடுகும் கொண்டு அடைக்கும் வேலிக்குப் பதிலாக, முருகைக் கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய மதில்களே அங்கு வளவுகளைப் பிரித்து நிற்கின்றன. அத்தகைய மதிலொன்றைத் தாண்ட எண்ணும் சிறுவன் அதன் உயரத்தை நோக்குமுன் அப்பாலுள்ள நிலத்தை நோக்குவான். மணலாயின் துணிந்து பாய்வான். கல்லாயின் மெல்ல ஏறி இறங்குவான். உயரம் பாய்தல் என்னும் மெய்வல்லுநர் போட்டியின் வரலாறு இச்சிறிய உண்மையில் அடங்கியுளது எனலாம். ஒருவர் எவ்வளவு உயரம் பாய்வார் என்பதைக் கால்களோடு விழுமிடமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது. ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதற் பொற்பதக்கத்தை ஈட்டித் தந்த யாழ்ப்பாணத்து வீரர் ஒருவரின் வெற்றியையும், அதன்பின் நேர்ந்த மாற்றத்தையும் இந்நோக்கில் ஆராய்தல் பயனுடைத்து.

உயரம் பாய்தலின் விதிகள் எளியன. பாய்வோர் ஒரு காலால் உந்தி எழுதல் வேண்டும். தொடர்ந்து மூன்று முறை தவறுபவர் போட்டியினின்றும் நீங்குவர். குறுக்குத்தடியை எவ்வாறு கடப்பது என்பது பெரும்பாலும் பாய்வோரின் விருப்பத்திற்கே விடப்பட்டுள்ளது. கத்தரிக்கோலின் அலகுகள் போலக் கால்களை மாறி வீசிக் கடப்பது பழைய முறை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடலைப் பக்கவாட்டிற் கிடத்தித் தடியின்மேல் உருளும் முறை அமெரிக்காவின் மேற்குக் கரையில் தோன்றியது. பின்னர் வயிறு தடியை நோக்கக் கவிழ்ந்து கடக்கும் முறை பரவிற்று. இவை தம்முள் வேறுபடினும், பாய்பவர் தம் காலாலோ கையாலோ நிலத்தை முதலில் தொடுமாறு அமைந்தமை இவற்றின் பொதுத்தன்மையாகும். ஆதலின் மணலோ மரத்தூளோ குவித்த ஒரு குழியே விழுவதற்குப் போதுமானதாயிற்று.

இதனால் விளைந்த நன்மை பெரிது. இரண்டு கம்பங்கள், ஒரு குறுக்குத்தடி, ஒரு மணற்குழி, குறைகளை எடுத்துக்கூற ஓர் ஆசிரியர் ஆகிய இவையே அக்காலத்து உயரம் பாய்தலின் தேவைகள். செல்வம் மிக்க நாட்டின் பல்கலைக்கழகமும் யாழ்ப்பாணத்துப் பாடசாலையும் இவ்வொரு போட்டியில் ஏறத்தாழச் சமநிலையில் நின்றன. இல்ல விளையாட்டுப் போட்டியில் வென்ற சிறுவன் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்குச் சென்று, அங்கிருந்து நாட்டின் அணிக்கு உயர்வதற்குக் கருவி தடையாயிருக்கவில்லை.

இப்பாதையிற் சென்றவரே நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1934ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் யாழ்ப்பாணத்துப் பெரியவிளானிற் பிறந்த இவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் கல்வி பயின்றவர். 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப்பதக்கம் வென்றமை இலங்கை மாணவரிடையே பெரும் ஊக்கத்தை விளைத்திருந்த காலம் அது. நான்கு ஆண்டுகளின் பின், 1952இல், ஹெல்சிங்கி நகரின் ஒலிம்பிக் அரங்கில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தபோது எதிர்வீரசிங்கத்துக்கு வயது 17. பாடசாலை மாணவர் ஒருவர் யாழ்ப்பாணத்து மைதானத்திலிருந்து உலக அரங்கிற்குச் சென்றமை, அக்காலத்துப் பாடசாலை விளையாட்டு எவ்வளவு உறுதியான அடித்தளத்தின்மீது நின்றது என்பதற்குச் சான்றாகும். 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் அவர் பங்குபற்றினார்.

1958ஆம் ஆண்டு டோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா நிகழ்ந்தது. அதற்கு முன் நிகழ்ந்த இரு விழாக்களில், 1951இல் புதுடில்லியில் பிலிப்பைன்சின் அந்திரேஸ் பிராங்கோவும் 1954இல் மணிலாவில் இந்தியாவின் அஜித்சிங்கும் உயரம் பாய்தலில் வென்றனர். அவர்கள் கடந்த உயரங்கள் முறையே 1.93 மீற்றரும் 1.95 மீற்றருமாகும். டோக்கியோவில் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர், அதாவது 6 அடி 8 அங்குலம், கடந்து பொற்பதக்கம் பெற்றார். ஆசிய விழாவின் முந்திய உயரம் 8 சென்ரிமீற்றரால் விஞ்சப்பட்டது.

இவ்வுயரத்தின் மதிப்பை ஒப்புநோக்கி அறிதல் நன்று. 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்கரான கோர்னீலியஸ் ஜோன்சன் பொற்பதக்கம் பெற்ற உயரமும் 2.03 மீற்றரே. 1948இல் லண்டனில் அவுஸ்திரேலியாவின் ஜோன் வின்ரர் வென்ற உயரம் 1.98 மீற்றர். 1952இல் ஹெல்சிங்கியில், இளமையில் இளம்பிள்ளைவாதத்தால் வருந்தி மீண்ட அமெரிக்கர் வால்ரர் டேவிஸ் வென்ற உயரம் 2.04 மீற்றர். பெரியவிளானிற் பிறந்தவர் டோக்கியோவிற் கடந்த உயரம் முதலாவதற்கு நிகரானது, இரண்டாவதினும் கூடியது, மூன்றாவதினும் 1 சென்ரிமீற்றரே குறைந்தது. எனினும் மிகைபடக் கூறுதல் வரலாற்றுக்கு இழுக்காகும். 1956ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான சாள்ஸ் டூமாஸ் 7 அடி உயரத்தை முதன்முதலாகக் கடந்து, மெல்பேர்ணில் 2.12 மீற்றர் பாய்ந்து வென்றுவிட்டார். உலகின் முன்னணி சற்று அப்பாற் சென்றுகொண்டிருந்தது. ஆயினும் எட்டிப் பிடிக்கவியலாத தொலைவில் அது இருக்கவில்லை.

1962இல் ஜக்கார்த்தாவில் நிகழ்ந்த நான்காவது விழாவில் ஜப்பானின் சுகியோக்கா 2.08 மீற்றர் கடந்து பொற்பதக்கம் பெற, எதிர்வீரசிங்கம் வெள்ளிப்பதக்கம் பெற்றார். விளையாட்டுடன் கல்வியையும் விடாது தொடர்ந்த அவர், லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தமது 89ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் போட்டிகளினின்றும் ஓய்ந்த சில ஆண்டுகளில் உயரம் பாய்தலின் இயல்பே மாறிற்று. 1968இல் மெக்சிக்கோ நகர ஒலிம்பிக்கில் டிக் பொஸ்பரி என்னும் அமெரிக்க மாணவர், வளைந்து ஓடிவந்து, தடிக்கு முதுகைக் காட்டி எழும்பி, தலை முன்னும் கால் பின்னுமாகக் கடந்து, 2.24 மீற்றர் உயரத்தில் வென்றார். உடல் வில்லென வளைவதால், அதன் புவியீர்ப்பு மையம் தடிக்குக் கீழாகச் செல்லவும் உடல் தடிக்கு மேலாகச் செல்லவும் இம்முறை இடந்தருகின்றது. பழைய முறை உடனே ஒழிந்துவிடவில்லை. 1972இல் மியூனிச் ஒலிம்பிக்கில் சோவியத் வீரர் யூரி தார்மக் கவிழ்ந்து பாய்ந்தே வென்றார். 1978இல் அதே நாட்டின் யாஷ்செங்கோ அம்முறையிலேயே 2.34 மீற்றர் என்னும் உலக சாதனையை ஏற்படுத்தினார். எனினும் விரைவிற் கற்கத்தக்கதாகிய புதிய முறையே எங்கும் நிலைபெற்றது. 1993இல் கியூபாவின் சொட்டோமயோர் 2.45 மீற்றர் கடந்ததும் அம்முறையிலேயே.

இம்மாற்றத்தில் உலகம் பெற்றதைப் பலரும் எழுதியுள்ளனர். சிறிய பாடசாலைகள் இழந்தது அத்துணை பேசப்படுவதில்லை. முதுகும் கழுத்தும் முதலிற் படுமாறு மணற்குழியில் விழுதல் உயிருக்கே ஊறு விளைக்கும். ஆதலின் தடித்த நுரைப்பஞ்சு மெத்தை இன்றியமையாததாயிற்று. சர்வதேசப் போட்டிகளுக்குரிய மெத்தை 6 மீற்றர் நீளமும், 4 மீற்றர் அகலமும், 0.7 மீற்றர் உயரமும் கொண்டதாயிருத்தல் வேண்டும். பாடசாலைக்குச் சற்றுச் சிறியது போதுமெனினும் அதன் விலை சிறிதன்று. மணல் இயற்கை தந்தது. மெத்தையோ பணங்கொடுத்து வாங்க வேண்டியது. 1958இற் சமநிலையில் நின்ற செல்வப் பாடசாலையும் வறிய பாடசாலையும் 1968இன் பின் ஒரு நிலையில் நிற்கவில்லை. வடபுலத்தில் 1983 முதல் 2009 வரை நீடித்த போர் அவ்விடைவெளியை மேலும் அகலச் செய்தது.

இதன் பாரத்தைத் தீவகத்திலேயே தெளிவாகக் காணலாம். வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் யாழ்ப்பாணத்துடன் இணைக்கப்பட்டவை. நெடுந்தீவுக்கோ குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து கடல் கடந்தே செல்லுதல் வேண்டும். அரிசி முதல் சீமெந்து வரை யாவும் படகேறிச் செல்லும் அத்தீவில், ஒரு மெத்தையும் அலைநீர் படாது கடல் கடந்தாக வேண்டும். கத்தரிக்கோல் முறையில் மட்டும் பழகிய மாணவன் வெளியூர்ப் போட்டிக்குச் சென்று, முதுகாற் கடப்போருடன் போட்டியிட்டுத் தோற்பானாயின், அத்தோல்வியை அவன் கால்களின் குறையெனக் கொள்ளுதல் நீதியாகுமா?

விழுமிடமும் ஆசிரியரும் அமைந்தால் வடபுலத்துப் பிள்ளைகள் உயர்வர் என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. கோலூன்றிப் பாய்தல் மெத்தையின்றி நினைக்கவும் இயலாத போட்டி. 3 மீற்றருக்கும் மேலான உயரத்திலிருந்து முதுகால் விழவேண்டிய அப்போட்டியில், தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிற் பயின்ற அனித்தா ஜெகதீஸ்வரன் இலங்கையின் தேசிய சாதனையை ஒருமுறைக்கு மேற் புதுப்பித்தார். எதிர்வீரசிங்கத்தின் வெற்றிக்கும் அனித்தாவின் வெற்றிக்கும் இடையில் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. இரண்டும் உணர்த்தும் பாடம் ஒன்றே.

கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் மண்டபங்களும் நுழைவாயில்களும் அமைத்துத் தம் நன்றியைக் காட்டுதல் போற்றத்தக்கது. அவ்வரிசையில், தீவகப் பாடசாலைகள் பொதுவாகப் பயன்படுத்தத்தக்க ஒரு மெத்தைக்கும், அதனருகில் நின்று பழக்கும் ஓர் ஆசிரியருக்கும் இடமுண்டு. முருகைக் கல்மதிலின்முன் நிற்கும் சிறுவனுக்குப் பாயும் ஆற்றலைப் பிறர் அளிக்கவேண்டியதில்லை. அது அவனிடமே உள்ளது. மதிலுக்கு அப்பால் அவன் அஞ்சாது விழத்தக்க இடத்தை அமைத்தலே கற்றோர்க்கும் பெரியோர்க்கும் உரிய கடமையாகும்.