பெயரற்ற படங்கள்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தமிழரின் நிழற்படங்கள், மடல்கள், குரற்பதிவுகள்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைக் காட்டும் பழைய நிழற்படங்களை ஒருசேர வைத்துப் பார்ப்போர்க்கு ஒன்று விரைவில் புலப்படும். துரைமார்க்குப் பெயர் உண்டு. தோட்டத்திற்குப் பெயர் உண்டு. முதுகில் கூடை சுமந்து நிற்கும் பெண்களுக்கு மட்டும் பெயர் இல்லை. கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்கள் என்ற அளவில் படத்தின் விளக்கம் நின்றுவிடுகின்றது. அப்பெயர்களை மீட்பது இயலுமா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா.

தோட்டங்களின் தோற்ற வரலாறு நாம் அறிந்ததே. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதிக்கு வந்தார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை அமைந்தபின் குடியேற்றம் வேரூன்றிற்று. 1933-இல் ரஸ்ஸல் மறைந்தார். அதே ஆண்டில் பாரத் தோட்டம் தோன்றிற்று. நிறுவனங்கள் தம் வரலாற்றைத் தாமே காத்துக்கொள்ளும். காடழித்துக் கன்று நட்டவர்களின் வரலாற்றுக்கு அத்தகைய காவலர் இலர்.

எழுத்துச் சான்றுகள் இல்லாமல் இல்லை. 1907-இல் தொடங்கிய இந்தியக் குடிநுழைவு நிதி தொடர்பான பதிவுகள், மலாயாவிலிருந்த இந்திய அரசு முகவரின் ஆண்டறிக்கைகள், வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1937-இல் அளித்த அறிக்கை ஆகியன ஆய்வாளர்க்கு நன்கு பயன்பட்டுள்ளன. கெர்னியல் சிங் சாந்து 1969-இலும் அரசரத்தினம் 1970-இலும் வெளியிட்ட நூல்கள் இத்தகைய ஆவணங்களின்மேல் எழுந்தவையே. 1970-இல் வெளிவந்த ரவீந்திர ஜெயினின் நூல் தோட்டத்திலேயே தங்கிச் செய்த களப்பணியின் விளைவு. ஆயினும் அவர் ஆராய்ந்தது இரப்பர்த் தோட்டம். தேயிலைத் தமிழர் இவ்வாய்வுகளின் ஓரத்தில் நிற்கின்றனர். மேலும், அதிகாரிகளின் ஏடுகள் தொழிலாளியைத் தலைகளாக எண்ணும்; அவன் சொன்னதைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் சுருக்கியே வைக்கும்.

இவ்விடைவெளியை வேறொரு சமூகம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதை ஒப்பிட்டு நோக்குவது பயன்தரும். நியூசிலாந்து மவோரி மக்களைப் பற்றித் தமிழாசிரியர் பலரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. 1836 அளவில் வில்லியம் கொலென்சோ என்பவர் மவோரிப் பெண்கள் சமையற்கலமாகப் பயன்படுத்திய வெண்கல மணியொன்றைக் கண்டார். அதில் முகையதீன் வக்குசு என்பவரின் கப்பல் மணி எனத் தமிழில் பொறிக்கப்பட்டிருந்தது. இன்று அது வெல்லிங்டனிலுள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. மணி கிடைத்தது, பெயரும் கிடைத்தது. அது அங்குச் சேர்ந்த கதையைச் சொல்ல எவரும் எஞ்சவில்லை.

மவோரி மக்கள் தம் கதையை அவ்வாறு விட்டுவிடவில்லை. 1919 முதல் 1923 வரை ஜேம்ஸ் மெக்டொனால்டு, எல்ஸ்டன் பெஸ்ட் முதலியோர் அவர்களின் ஊர்களுக்குச் சென்று நிழற்படமும் திரைப்படமும் எடுத்தனர்; மெழுகுருளையில் பாடல்களைப் பதிந்தனர். இம்முயற்சிக்கு அபிரானா நாட்டா என்னும் மவோரித் தலைவரே தூண்டுகோலாய் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1980-களில் அத்திரைப்படங்கள் மீண்டும் அவ்வூர்களுக்கே கொண்டுசெல்லப்பட்டுத் திரையிடப்பட்டபோது, பார்த்தவர்கள் தம் முன்னோரை அடையாளம் கண்டு பெயர் சொன்னார்கள். மடல்களும் காக்கப்பட்டன. டொனால்டு மெக்லீன் என்னும் அதிகாரிக்கு மவோரி மொழியில் எழுதப்பட்ட ஏறத்தாழ 3,000 மடல்கள் அலெக்சாண்டர் டர்ன்புல் நூலகத்தில் உள்ளன.

ஒப்புமைக்கும் எல்லை உண்டு. மவோரியர் தம் மண்ணை இழந்த பூர்வகுடிகள். நம்மவர் கூலிக்கு வந்தவர்கள். கேமரன் மலைப் பகுதியின் பூர்வகுடிகள் செமாய், தெமியார் மக்களே. தெமியாரின் பாடல்கள் வானொலி மலாயாவின் பதிவிலிருந்து 1955-இல் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் இசைத்தட்டாக வெளிவந்தன. கொழுந்துக்காட்டுப் பாடல்களுக்கு அத்தகைய கவனிப்புக் கிட்டவில்லை.

மடல்களைப் பொறுத்தவரை நம் நிலை விந்தையானது. எழுதத் தெரியாதவர்க்காகக் கிராணியோ பள்ளி ஆசிரியரோ எழுதிய மடல்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குப் போய்விட்டன. இங்கே தகரப் பெட்டிகளில் தங்கியவை அவற்றுக்கு வந்த மறுமொழிகள். ஆகவே உரையாடலின் ஒரு பாதியே மலேசியாவில் உள்ளது. மறுபாதியை அக்கரையில்தான் தேட வேண்டும். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அஞ்சல் தொடர்பு அறுந்தது. அதன்பின் வந்த முதல் மடல், யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கும். அத்தகைய மடல் ஒன்று கிடைப்பினும் அது பெருஞ்செல்வமே.

நிழற்படத்தைப் பேசவைப்பது குரல்தான். சில ஆண்டுகளுக்கு முன்னர்க் குழுப்படம் ஒன்றின் படியை லயத்திற்கு எடுத்துச் சென்றோம். மூதாட்டி ஒருவர் முகங்களை உடனே பார்க்கவில்லை. பின்னணியிலிருந்த மலைச்சரிவை நெடுநேரம் நோக்கி, படத்தில் எழுதியிருந்த தோட்டப் பெயர் தவறு என்றார். பிறகு விரல் நகர்ந்தது. “இது எங்க பெரியம்மா. பக்கத்துல நிக்கிறது அவங்க நாத்தனா. அந்தப் புள்ள காய்ச்சல்ல செத்துப் போச்சு.” பதினான்கு பேரில் பதினொருவர்க்குப் பெயர் கிடைத்தது. நாம் பதிந்தது பெயர்களை மட்டுமன்று. உறவுமுறை, நோய், யார் எந்தக் கங்காணியின் ஆள் என்பன எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. இலங்கைத் தேயிலைத் தமிழில் வழங்கும் கவ்வாத்து முதலிய சொற்கள் இம்மலையில் எவ்வாறு வழங்கின என்பதையும் இத்தகைய பதிவுகளே காட்டும்.

இது ஏக்கத்தின்பாற்பட்ட வேலை மட்டுமன்று. 1957-க்குப் பின் குடியுரிமை கோரியவர்கள் பிறப்பையும் வசிப்பையும் ஆவணத்தால் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1969-இல் குடியுரிமை இல்லாதார்க்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானபோது, தாள் இல்லாதவர் பலர் நாட்டைவிட்டே நீங்கினர். சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்தியோர் நம் குடும்பங்களில் உண்டு. நியூசிலாந்தில் 1975-இல் அமைந்த வைத்தாங்கி தீர்ப்பாயம் மூத்தோரின் வாய்மொழியைச் சான்றாகக் கேட்கின்றது. நம் மூத்தோரின் சொல்லுக்கு அத்தகைய மேடை இல்லை. ஆதலால் அது பதிவாக இருப்பதாவது வேண்டும்.

இலங்கை மலையகத் தமிழர் இதில் நம்மை முந்திவிட்டனர். கம்பளைக்கு அருகே பழைய லயம் ஒன்றிலேயே 2007-இல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் திறக்கப்பட்டன. இங்கே தொடங்குமிடம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் மாணவர் சேர்க்கைப் பதிவேடுகள் என்பது நம் கருத்து. பிள்ளையின் பெயரும் தந்தையின் பெயரும் நாளும் அவற்றில் உள்ளன. ஆனால் காலம் குறைவு. கொழுந்து வெட்டும் வேலையில் இன்று வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் மிகுதி; தமிழ் இளையோர் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். மலையின் ஈரக்காற்றில் படங்களிற் பூஞ்சை படர்கின்றது. பசையுள்ள ஆல்பங்கள் படத்தைத் தாளோடு பற்றிக்கொண்டு விடுவதில்லை.

பெயர்களை வெளியிடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். அம்மூதாட்டி ஓர் உருவத்தைக் காட்டி, இவள் பெயரை எழுத வேண்டா, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். படியின் பின்புறத்தில் பத்துப் பெயர்களை மெல்லிய பென்சிலால் எழுதினோம். மை, காலப்போக்கில் மறுபுறம் ஊறும். பதினொன்றாம் பெயர் ஒலிப்பதிவில் மட்டும் உள்ளது. எஞ்சிய மூவரைப் பற்றிக் கேட்க, ரிங்லெட்டில் இருக்கும் அவர் தங்கையிடம் செல்லுமாறு சொல்லியனுப்பினார்.