காதுக்கு எட்டாத எச்சரிக்கை: தில்லியில் ஆன்டிவைரஸும் திரைவாசிப்பானும்

நேரு பிளேஸ் கடைகளில் ஆன்டிவைரஸ் இன்னும் அட்டைப்பெட்டியில் கைமாறுகிறது. பெட்டிக்குள் ஒரு குறுந்தகடு. என் மடிக்கணினியில் அதைப் போட இடமே கிடையாது. கூடவே ஓர் அட்டை, அதில் பொடி எழுத்தில் உரிம எண். ஸ்கிரீன் ரீடரோடு ஒத்துப்போகுமா என்று கேட்டேன். "சப் மே சல்தா ஹை" என்றார் கடைக்காரர். எல்லாவற்றிலும் ஓடும். அவர் சொன்னது பொய்யில்லை. அது ஓடத்தான் செய்தது, என்னால்தான் அதை ஓட்ட முடியவில்லை. உரிம எண்ணைப் படிக்கவே பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது என்பதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

பார்வையற்ற கணினிப் பயனர்கள் ஒருவரையொருவர் அடிக்கடி கேட்டுக்கொள்ளும் கேள்வி, எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்பது. பதிலாகக் கிடைக்கும் பெயர்ப்பட்டியலுக்கு ஆயுள் குறைவு. அடுத்த பதிப்பில் முகப்பை மாற்றியமைப்பார்கள், நேற்றுவரை பேசிய பொத்தான் இன்று ஊமையாகிவிடும். ஆகவே இக்கட்டுரை பட்டியல் எதையும் தரப்போவதில்லை. இந்தத் தேர்வு பயனரின் கைக்கு வரும் முன்பே வேறு இரண்டு இடங்களில் முடிந்துவிடுகிறது என்பது என் வாதம். மென்பொருளுக்கு மதிப்பெண் போடும் ஆய்வகம் ஒன்று, அதை மொத்தமாக வாங்கும் அலுவலகம் மற்றொன்று. இரண்டிலும் பயனர் என்ற சொல்லுக்குத் திரையைப் பார்ப்பவர் என்றே பொருள்.

சிக்கலின் வேர் தொழில்நுட்பத்தில் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குவது நல்லது. திரைவாசிப்பான் மற்ற மென்பொருள்களைப் போலத் தன் சாளரத்துக்குள் அடங்கிக் கிடக்கும் ஒன்றல்ல. விசைப்பலகையில் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் அது முதலில் தான் பிடித்துக்கொள்கிறது. இன்செர்ட் விசையோடு 'டி' அழுத்தினால் சாளரத்தின் தலைப்பைச் சொல்ல வேண்டும்; அந்த 'டி' எழுதிக்கொண்டிருக்கும் கடிதத்துக்குள் போய் விழக்கூடாது. உலாவியில் திறந்த பக்கத்தை வரிவரியாகப் படிப்பதற்காக, என்விடிஏ என்ற திரைவாசிப்பான் அந்த உலாவிக்குள்ளேயே தன் நிரல்துண்டு ஒன்றைச் செலுத்தி உட்கார வைக்கிறது. பிறர் சாளரத்தில் உள்ளதையெல்லாம் எடுத்து ஒலியாக்குகிறது. இனி, கீலாகர் வகைத் தீநிரலுக்கு இலக்கணம் சொல்லுங்கள்: விசைகளை இடைமறிக்கும், பிற செயலிகளுக்குள் புகும், அடுத்தவர் திரையைப் படிக்கும். நடத்தையை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதும் காவலாளிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

காவலாளிக்கும் ஒரு தற்காப்பு உண்டு. தன்னை யாரும் அணைத்துவிடாதபடி, தன் சாளரத்துக்குள் அந்நிய நிரல் நுழையாதபடி ஆன்டிவைரஸ் தன்னைப் பூட்டிக்கொள்கிறது. போதாததற்கு, பலவும் விண்டோஸின் வழக்கமான பொத்தான்களை விட்டுவிட்டுத் தாங்களே வரைந்துகொண்ட பளபளப்பான முகப்போடு வருகின்றன. பொத்தானுக்குப் பெயரிட மறந்தால் திரைவாசிப்பான் என்ன செய்யும்? டேப் விசையைத் தட்டத் தட்ட "பட்டன், பட்டன், பட்டன்" என்று சொல்லிக்கொண்டே போகும். அவற்றில் ஒன்று கோப்பை நீக்குவது, ஒன்று விட்டுவிடுவது, இன்னொன்று உரிமத்தைப் புதுப்பிக்கக் காசு கேட்பது. எது எதுவென்று அழுத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, குறைந்த அதிகாரமுள்ள நிரல் கூடுதல் அதிகாரமுள்ள சாளரத்தைத் தொடக்கூடாது என்று தடுப்புச் சுவர் எழுப்பியது. அப்போதே உதவி மென்பொருளுக்கென்று அதில் ஒரு கதவும் வைத்தது. நிபந்தனைகள் தெளிவானவை: அந்த நிரல் தன் தேவையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், நம்பத்தக்க மின்கையொப்பம் பெற்றிருக்க வேண்டும், 'புரோகிராம் ஃபைல்ஸ்' போன்ற பாதுகாக்கப்பட்ட இடத்தில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அதனால்தான் முறையாக நிறுவிய என்விடிஏ, நிர்வாகி அனுமதி கேட்கும் சாளரத்தையும் படித்துக் காட்டுகிறது. பென் டிரைவிலிருந்து ஓட்டும் என்விடிஏ அந்த இடத்தில் வாயடைத்துப் போகிறது. நூலகக் கணினியிலும் சைபர் கஃபேயிலும் பென் டிரைவை நம்பியே படித்த என் தலைமுறைக்கு அந்த மௌனம் நன்றாகப் பழக்கம்.

மின்கையொப்பத்தைப் பேசும்போது நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். டெட் ஹென்டர் 1989இல் டாஸ் இயங்குதளத்துக்கு ஜாஸ் என்ற திரைவாசிப்பானை வெளியிட்டார். 1995இல் அது விண்டோஸுக்கு வந்தது. தரத்தில் குறை சொல்ல முடியாது. உரிமத்தின் விலையோ மாணவர் விடுதியில் இருப்பவர் கனவிலும் எட்டாதது. எனவே பூட்டு உடைத்த பிரதிகள் கைமாறின. கூடவே, நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும் என்ற வாய்மொழிக் குறிப்பும் வந்தது. கையொப்பம் சிதைந்த பிரதியைக் காவலாளி சந்தேகித்தால் தவறு யாருடையது? 2006இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் தொடங்கி, பின்னர் ஜேம்ஸ் டே இணைந்துகொண்ட என்விடிஏ, விலையில்லாமல் வந்து இந்த இக்கட்டைப் பெருமளவு தீர்த்தது. பாதுகாப்பு வரலாறு எழுதுவோர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. இந்தியாவின் பார்வையற்ற பயனர்களுக்கு என்விடிஏ ஒரு திரைவாசிப்பான் மட்டுமா? பலருடைய கணினியிலிருந்து திருட்டுப் பிரதியையும் அதோடு ஒட்டி வந்த தீநிரலையும் வெளியேற்றியதும் அதுதான் என்பது என் கணிப்பு.

இனி ஆய்வகங்களுக்கு வருவோம். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட் மூன்று தலைப்புகளில் தலா 6 என்று மொத்தம் 18 புள்ளிகள் தருகிறது. பாதுகாப்பு, கணினியின் வேகம், மூன்றாவதாகப் பயன்பாட்டுத்தன்மை. அந்த மூன்றாவது தலைப்பைப் படித்தபோது எனக்கும் ஆசை வந்தது. அங்கே அளக்கப்படுவது பொய் எச்சரிக்கைகளின் எண்ணிக்கை: நல்ல கோப்பைக் கெட்டது என்று எத்தனை முறை சொல்கிறது என்பது. ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக்கில் இயங்கும் ஏவி-கம்பேரடிவ்ஸும் ஏறத்தாழ இதே கோணத்தில்தான் அளக்கிறது. பொய் எச்சரிக்கை முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை; திரைவாசிப்பானே அதற்குப் பலியாவதுண்டு. ஆனால் எச்சரிக்கை மெய்யாக இருக்கும்போது அது யாருடைய காதுக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்க அந்த அட்டவணையில் கட்டமே இல்லை. விளம்பரங்களும் இந்தப் புள்ளிகளைத்தான் முழங்குகின்றன, கடைக்காரரும் இவற்றைத்தான் ஒப்பிக்கிறார்.

வேகத்தை அளக்கும் முறையிலும் இதே கோளாறு உண்டு. கோப்பை நகலெடுக்க, இணையப்பக்கம் திறக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறார்கள். முழு ஸ்கேன் ஓடும் நேரத்தில் நான் 'க' அடித்தால் 'க' என்ற ஒலி அரை நொடி தாமதித்து வருகிறது. அதற்குள் அடுத்த இரண்டு எழுத்துகளை அடித்திருப்பேன். எழுதியது எது, கேட்டது எது என்று குழம்பி நிறுத்திவிடுவேன். பார்வையுள்ளவருக்கு அது சற்று மந்தமான கணினி, அவ்வளவுதான். விளையாடுபவர்களுக்காகத் தொல்லை தராத 'கேமிங் மோட்' ஒன்றை ஆன்டிவைரஸ்களில் வைக்கத் தெரிந்திருக்கிறது. காதால் வேலை செய்பவருக்காக அப்படியொன்றை நான் இதுவரை கண்டதில்லை.

தனிநபர் தேர்வைப் பொறுத்தவரை என் முடிவைச் சுருக்கமாகவே சொல்லலாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் பெரும்பாலானவர்களுக்குப் போதும். அதன் சாளரம் இயங்குதளத்தின் அணுகல் வசதிகளையே பயன்படுத்துவதால் விசைப்பலகை வழியாகப் போய்வர முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லி நச்சரிப்பதில்லை. முகப்பே வேண்டாம் என்பவர் கட்டளை வரியில் ஸ்கேனை ஓட்டி, முடிவை எழுத்தாகவே கேட்டுக்கொள்ளலாம். வேறொன்றை வாங்கியே ஆக வேண்டுமென்றால், சோதனைக் காலத்தில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. திரைவாசிப்பானுக்கு விலக்கு கேட்டால், ஃபோல்டர் முழுவதையும் திறந்துவிடுவதைவிடக் கையொப்பத்தின் பேரில் விலக்குத் தருவது பாதுகாப்பானது. திறந்த ஃபோல்டருக்குள் யாரும் வந்து குடியேறலாம்.

ஆனால் தில்லியில் எத்தனை பேருக்கு இந்தத் தேர்வு சொந்தம்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியில் ஒதுக்கும் 4 சதவீதத்தில், பார்வையின்மைக்கும் குறைபார்வைக்கும் 1 சதவீதம். அப்படிப் பணியில் சேர்ந்த எழுத்தரின் மேசையில் இருக்கும் கணினியை ஐ.டி. பிரிவு நிர்வகிக்கிறது. ஆன்டிவைரஸ் ஒப்பந்தப்புள்ளியில் வருகிறது, கடவுச்சொல் நிர்வாகியிடம் இருக்கிறது. திரைவாசிப்பான் திங்கட்கிழமை காலை திடீரென்று பேசாமல் போனால் அவர் செய்யக்கூடியது, போனைத் துழாவி எடுத்து ஹெல்ப் டெஸ்க்கைக் கூப்பிடுவதுதான். டிக்கெட் எண் தருவார்கள், மின்னஞ்சலில்.

சட்டத்தில் இதற்கு இடமில்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்கா தன் அரசுக் கொள்முதலுக்காக 2000இல் வெளியிட்ட 508ஆம் பிரிவின் தரங்களிலேயே, ஒரு மென்பொருள் பிறவற்றின் அணுகல் வசதிகளைக் குலைக்கவோ முடக்கவோ கூடாது என்ற விதி வந்துவிட்டது. ஐரோப்பாவின் ஈஎன் 301 549 தரமும் அதையே சொல்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 17802 அந்த ஐரோப்பியத் தரத்தின் அடியொற்றியது. 2023இல் அது மேற்சொன்ன 2016 சட்டத்தின் விதிகளுக்குள்ளும் வந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளைப் பரிந்துரை நிலையிலேயே விட்டுவைத்த 15(1)ஆம் விதி மூலச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாதக் கெடு விதித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலாவும் ஆர். மகாதேவனும் அடங்கிய அமர்வு, எண்ணிம அணுகலை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையோடு சேர்த்தது. வங்கிக்கணக்கு தொடங்கக் கண்சிமிட்டிக் காட்டச் சொன்ன மின்னணு அடையாளச் சரிபார்ப்பு முறையை எதிர்த்து வந்த வழக்கு அது. மனுதாரர்களில் ஒருவரான அமர் ஜெயின் பார்வையற்ற வழக்கறிஞர்.

இந்தத் தீர்ப்புகள் வலைத்தளத்தையும் செயலியையும் கட்டிடத்தையும் நோக்கிப் பேசின. பாதுகாப்பு மென்பொருளின் பக்கம் வழக்கு எதுவும் இன்னும் திரும்பவில்லை என்பதால் அது விதிவிலக்கு என்றாகிவிடாது. அந்த எழுத்தரின் கணினியில் முதலில் விழித்துக் கடைசியில் உறங்குவது அதுதான். அணுகல்தகுதி பெற்ற நூறு செயலிகளை வாங்கிவைத்தாலும், திரைவாசிப்பானின் கழுத்தைப் பிடிக்கும் ஒன்று அவற்றோடு இருந்தால் நூறும் வீண். எனவே அணுகல் நிபந்தனையை ஒப்பந்தப்புள்ளியில் முதலில் எழுத வேண்டிய பொருள் ஆன்டிவைரஸ் என்பேன்.

இதற்கு வரும் மறுப்பைப் பாதுகாப்புத் துறை நண்பர்களிடம் பலமுறை கேட்டிருக்கிறேன்: உதவி மென்பொருளுக்குக் கதவைத் திறந்தால் தீநிரலும் அதே கதவால் வரும். ஆண்ட்ராய்டில் அப்படி நடந்திருக்கிறது. அதன் திரைவாசிப்பானான டாக்பேக் பயன்படுத்தும் அதே அணுகல் அனுமதியைக் கேட்டு வாங்கி, வங்கி விவரங்களைத் திருடும் செயலிகள் வந்தன. கூகுள் அனுமதியை ஒழிக்கவில்லை. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13இல், செயலிக் கடைக்கு வெளியேயிருந்து நிறுவிய செயலிகளுக்கு அது எளிதில் கிடைக்காதபடி செய்தது. யார், எங்கிருந்து வந்தார் என்று கேட்டு உள்ளே விடும் முறை அது. விஸ்டா செய்ததும் அதுவே. எல்லோரையும் வாசலிலேயே நிறுத்துவதைப் பாதுகாப்பு என்று சொல்பவர்கள் 2024 ஜூலை 19ஐ நினைத்துப் பார்க்கலாம். பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கின் பிழையான ஒரு புதுப்பிப்பால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. தீநிரல் எதுவும் வரவில்லை, காவலாளியே விழுந்துவிட்டார். நீலத்திரை பேசாது என்பதைப் பார்வையற்ற பயனர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அறிவார்கள்.

அளவுகோல் வேண்டுமென்றால் செலவில்லாத ஒன்று கையிலிருக்கிறது. ஐகார் சோதனைக் கோப்பு என்று 68 எழுத்துகளாலான ஒரு வரி உண்டு. தீங்கற்றது, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் என்றே பிடிக்க வேண்டும் என்பது துறை உடன்பாடு. நோட்பேடில் அதை இட்டுச் சேமித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை தானாகக் கேட்கிறதா, பொத்தான்களுக்குப் பெயர் இருக்கிறதா, சிறைப்பட்ட கோப்பை விசைப்பலகையால் மீட்க முடிகிறதா? மதிப்பீட்டாளர் திரையை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். எனக்கு அந்தச் சிரமம் இல்லை.

மூன்று மென்பொருள்களில் செய்து பார்த்தேன். முதலாவது, கோப்பின் பெயரோடு தெளிவாகச் சொன்னது. இரண்டாவது மணியோசை மட்டும் எழுப்பியது. எதற்கு என்று சொல்லவில்லை. மூன்றாவது, நேரு பிளேஸில் வாங்கியது. ஒரு சத்தமும் இல்லை. சேமித்த ஃபோல்டருக்குப் போனேன், காலி. கோப்பைப் பிடித்து, அகற்றி, திரையின் வலது மூலையில் சிவப்பில் அறிவித்து, பத்து நொடியில் அந்த அறிவிப்பையும் மறைத்துவிட்டதாக மகள் சொன்னாள். மாக்டபர்க் அளவுகோலில் அதற்கு ஒரு புள்ளியும் குறையாது.