கட்டில் இலக்கமும் நோயாளியின் பெயரும்

அல்லைப்பிட்டியின் கிழக்குக் கரையில் நின்றால் நீரேரிக்கு அப்பால் யாழ்ப்பாண நகரம் தெரியும். பண்ணைப் பாலம் வழியே சைக்கிளிலேயே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடலாம். எமது தீவகத்துப் பெண்பிள்ளைகள் சிலர் தாதியர் பயிற்சிக்குச் சென்றதும் இவ்வழியேதான். அவர்களுள் என் உறவினர் ஒருவரும் இருந்தார். முதன்முதலாக ஊசி ஏற்றியபோது கை நடுங்கியது பெரிதல்ல, கட்டிலில் கிடந்தவர் தமக்குத் தெரிந்த முகமாக இருந்ததே தம்மை உலுக்கியது என்று பல்லாண்டுகளின் பின்னர் அவர் என்னிடம் கூறினார்.

மாணவத் தாதியரின் மன அழுத்தம் புதிய கண்டுபிடிப்பன்று. இலண்டன் மருத்துவமனையொன்றை ஆராய்ந்த இசபெல் மென்சிஸ், 1960இல் வெளியிட்ட கட்டுரையில், அங்கு மூன்றிலொரு பங்கு மாணவியர் பயிற்சியை முடிக்காமலே விலகியதைக் குறிப்பிட்டார். நோயும் சாவும் எழுப்பும் கலக்கத்தைத் தாங்குவதற்கு மருத்துவமனை தானாகவே ஒரு மதிலைக் கட்டிக்கொள்கிறது என்பது அவர் வாதம். ஒரு நோயாளியை ஒரே தாதி முழுமையாகக் கவனிப்பதில்லை. வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்படும். நோயாளிக்குப் பெயர்கூட இல்லை, 'பத்தாம் கட்டில் ஈரல்' ஆகிவிடுவார். இம்மதில் கலக்கத்தைத் தீர்க்கவில்லை, மறைத்தே வைத்தது என்றும் அவர் கண்டார்.

யாழ்ப்பாணத்தில் அந்த மதிலே எழும்பாது. “பிள்ளை எவ்விடம்? ஆற்றை மகள்?” என்று கேட்காத நோயாளி எங்கள் பக்கத்தில் உண்டா? இரண்டாவது கேள்வியிலேயே உறவுமுறை வந்துவிடும். சமாதான காலத்தில் அது ஆறுதல். போர்க்காலத்தில்?

1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். இந்திய அமைதிப் படையினர் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டனர். மறுநாட் காலை, தாதியர் மூவருடன் கைகளை உயர்த்தியபடி நடைவழியில் வந்த குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏறத்தாழ எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் 21 பேர் மருத்துவமனை ஊழியர். மோதலுக்கிடையே நேர்ந்தது என்றது படைத்தரப்பு. தொழில் பழகும் இடமே கொலைக்களமானபின், அங்கு பயில வந்த பிள்ளைக்கு எந்தப் பாடநூல் துணை நிற்கும்? 1990இல் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் முயற்சியால் மருத்துவமனையைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் ஏற்பட்டது. ஆனால், அது மருத்துவமனையைச் சுற்றி மட்டுமே.

அல்லைப்பிட்டியிலும் தீவகத்தின் வேறு ஊர்களிலுமாக 2006 மே 13 அன்று 13 பொதுமக்கள் கொல்லப்பட்டனர்; ஒரு கைக்குழந்தையும் அவர்களுள் அடக்கம். ஆகஸ்ட் 13இல், மக்கள் தஞ்சமடைந்திருந்த புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தின் மீது எறிகணைகள் வீழ்ந்தன. எஞ்சியோர் ஊர்காவற்றுறைக்குச் செல்ல உதவிய பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார், அதே மாதம் 20ஆம் திகதி காணாமற்போனார்.

கண்ணுக்குத் தெரியும் தொலைவில் ஊர். நடுவில் சோதனைச் சாவடிகள். அந்நாட்களில் நோயாளர் விடுதியில் நின்ற தீவகத்துப் பிள்ளை, கொண்டுவரப்படும் ஒவ்வொருவரின் முகத்தையும் முதலில் பார்த்திருப்பாள். கட்டில் இலக்கத்தைப் பிறகுதான்.