வாயில்லா ஜீவன்களின் ஹக்கு

செவ்வாப்பேட்டை ரயிலடியில் பார்வையிழந்த நாயையோ, கறவை வற்றியதும் அவிழ்த்துவிடப்பட்ட பசுவையோ காணும்போது, "பாவம்" என்று சொல்லிக் கடந்து விடுகிறோம். நம் இமாம்களோ இதனைக் கடனென்றே எழுதி வைத்தார்கள்.

திமிஷ்கில் பிறந்து, ஹிஜ்ரி 660இல் (கி.பி. 1262) கெய்ரோவில் மறைந்த ஷாஃபிஈ மேதை இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், 'கவாயிதுல் அஹ்காம்' என்னும் நூலில் மனிதன்மீது கால்நடைகளுக்குள்ள ஹக்குகளை வகுத்துரைக்கிறார்கள். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் தீனியிட்டாக வேண்டும். தாங்காத சுமையை ஏற்றலாகாது. முட்டித் துன்புறுத்தும் பிராணிகளுடன் சேர்த்து அடைக்கலாகாது. கண்ணிழந்த விலங்கைப் பேணுவோர் இக்கடைசி விதியின் அருமையை நன்கறிவர்.

அதே ரயில் போய்ச் சேரும் சென்னையில், 1959இல் விமானி கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் வெள்ளத்தில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளை மீட்டார்கள். அவ்வாண்டே 'புளூ கிராஸ்' பிறந்தது. அடிபட்டவையும் ஊனமுற்றவையும் அங்கே அடைக்கலம் பெறுகின்றன.

நாய் என்றதும் நம்மவர் சிலர் நஜீஸ் என்று ஒதுங்குவர். மெய்தான்; எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதிலொரு முறை மண் கலந்து, கழுவ வேண்டும். கல்லெறியும்படி எந்தக் கிதாபிலும் நாம் ஓதியதில்லை. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரை அல்லாஹ் மன்னித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அவர் தம் தோல் காலுறையில் நீரை நிரப்பி, அதனை வாயால் கவ்விக்கொண்டே கிணற்றிலிருந்து ஏறிவந்தார்.