தகடூர் ஔவையாரும் குண்டலி யோகமும்

தர்மபுரி என இஞ்ஞான்று வழங்கும் ஊர் பண்டு தகடூர் என்னும் பெயரால் விளங்கியது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அதியமான் நெடுமான் அஞ்சிக்கு அஃது தலைநகர். சேலம் மாவட்டத்தினின்றும் பிரிந்து 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தனி மாவட்டமாகிய இந்நிலப்பகுதியில், அவ்வள்ளலின் பெயரைத் தாங்கி அதியமான்கோட்டை என்னும் ஊர் இன்றும் உளது. அதியமான் என்றவுடன் ஔவையார் நினைவும், ஔவையார் என்றவுடன் நெல்லிக்கனியின் நினைவும், அதனோடு நாம் நாடோறும் ஓதும் விநாயகர் அகவலின் நினைவும் ஒருங்கே எழுதல் தமிழ்மக்கட்கு இயல்பு. அவ்வகவலோ குண்டலி யோகத்தைத் தெளிவுற எடுத்தோதும் நூல். ஆகவே, நெல்லிக்கனி பெற்ற ஔவையாரே அவ்யோகத்தையும் பாடினார் என்றும், சங்க காலத்துத் தகடூரிலேயே அது தழைத்திருந்தது என்றும் கருதிவிடுதல் எளிது.

அங்ஙனம் கருதுதல் வரலாற்றிற்குப் பொருந்துமா என்பது ஒரு வினா. குண்டலி என்பதுதான் யாது, அதனைப் பயிலப் புகுவார் அடையும் பயன் யாது என்பது மற்றொரு வினா. இவ்விரண்டும் தம்முள் தொடர்புடையன. அகவல் எக்காலத்துக் கொள்கையைத் தழுவி எழுந்தது என்று துணிந்தாலன்றி, அதன்கண் வரும் குண்டலி என்னும் சொல்லின் பொருளையும் துணிதல் கூடாது.

முதற்கண் தகடூர் ஔவையாரை நோக்குவோம். சங்கத் தொகை நூல்களில் ஔவையார் பாடியனவாக 59 செய்யுட்கள் உள்ளன. அவற்றுட் புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 ஆகும். அதியமானது கொடையும், வீரமும், அவன் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற திறமும், அவன் மறைந்தபின் எழுந்த ஆற்றாமையும் அப்புறப்பாட்டுக்களிற் காணப்படுவன. நெல்லிக்கனி பற்றிய செய்யுளில், பிறை சூடிய நீலகண்டப் பெருமானைப் போல அரசன் நிலைபெறுக என்று அவர் வாழ்த்துகின்றார். சிவபெருமானை அழிவில்லாப் பொருளாகக் கொண்டு, அப்பெருமானை உவமையாக்கித் தம் அரசனை வாழ்த்திய இவ்வன்பு சைவ நன்மக்கள் போற்றற்குரியது.

அதியமான் வெறுங்கதையிற் பிறந்தவன் அல்லன் என்பதற்குக் கல்லெழுத்தும் சான்றாயிற்று. அவன் திருக்கோவலூரை வென்றதனைப் புறநானூறு கூறும். அத்திருக்கோவலூர்ப் பக்கத்துச் சம்பை என்னும் ஊரில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி துறவிகட்குப் பாளி ஈந்த செய்தியைக் கூறி, அவனைச் சதியபுதன் என்றும் குறிக்கின்றது. அசோக மன்னனது கல்லாணையில் சோழர், பாண்டியர், சேரரோடு ஒருங்கெண்ணப்பட்ட சத்தியபுத்திரர் யாவர் என்று அறிஞர்கள் நெடுநாள் ஐயுற்றிருந்தனர். அவர் அதியர் மரபினரே என்பது இதனாற் புலனாயிற்று.

இனி, அந்த 59 செய்யுட்களையும் துருவி ஆராயினும், ஆறாதாரங்களோ, இடை பிங்கலை சுழுமுனை என்னும் நாடிகளோ, குண்டலியோ அவற்றில் இல்லை. விநாயகர் வழிபாடும் அவற்றில் இல்லை. சடைமுடி தரித்துக் காட்டில் தவமியற்றும் துறவியரைச் சங்கப் புலவர் அறிவர். ஆயினும் யோகநூற் குறியீடுகள் அவர்தம் வாக்கில் இடம்பெறவில்லை. யானைமுகப் பெருமானைத் திருஞானசம்பந்த சுவாமிகள் முதலியோர் அருளிய தேவாரத்திற் காண்கின்றோம். யோக உறுப்புக்கள் எட்டனையும், ஆதார நிராதாரங்களையும் முறைப்பட விரித்தோதுவது பத்தாந் திருமுறையாகிய திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம். இயமம் நியமம் தொடங்கிச் சமாதி ஈறாகத் தமிழில் யோகம் கூறும் நூல்கட்கெல்லாம் அதுவே தாய்நூலாக நிற்கின்றது.

ஆகவே 72 அடிகளால் அமைந்த விநாயகர் அகவல், சங்க காலத்திற்குப் பல நூற்றாண்டு பிற்பட்டதாதல் ஒருதலை. ஔவை என்பது மூதாட்டி, தவமுதல்வி என்னும் பொருளில் வழங்கிய சிறப்புப்பெயர். ஆகலின் அப்பெயர் பூண்டார் பல காலத்தும் பலராயினர். 310 குறட்பாக்களால் ஆகி, நாடி தாரணை, வாயு தாரணை முதலிய அதிகாரங்களை உடைய ஔவை குறள் என்னும் ஞானநூலும் இப்பிற்காலத்து யோக மரபினதே. சுந்தரமூர்த்தி சுவாமிகளும் சேரமான் பெருமாளும் கயிலைக்கு எழுந்தருளியபோது, பூசையில் இருந்த ஔவையாரை விநாயகப் பெருமான் தமது துதிக்கையால் எடுத்து அவர்கட்கு முன்னரே ஆங்குச் சேர்த்தனர் என்பது செவிவழி வரலாறு. அவ்வரலாறும் அகவலைத் தகடூரோடு தொடர்புபடுத்தாது, நாயன்மார் காலத்தோடு தொடர்புபடுத்துதல் கருதத்தக்கது.

அகவல் நாயன்மார் காலத்துச் சைவ நெறியை ஒட்டி எழுந்தது என்பதற்கு அதன் பொருளமைப்பே சான்று. விநாயகப் பெருமான் குருவடிவாகி வந்து திருவடி சூட்டுதலும், வினையைக் களைதலும், செவியில் உபதேசித்தலும் முதலிற் கூறப்படுகின்றன. பின்னர் ஐம்புலனடக்கமும், மும்மல மயக்கம் அறுதலும் வருகின்றன. அதன்பின்னரே ஆறாதாரமும், இடை பிங்கலையும், சுழுமுனையும், குண்டலியிற் கூடிய அசபையும், மூலாதாரத்துக் கனலைக் காற்றால் எழுப்புதலும், அமுத நிலையும் கூறப்படுகின்றன. அவ்வளவில் அகவல் முடிந்து விடவில்லை. தன்னை அறிதல், மனோலயம், சிவலிங்க தரிசனம், மெய்த்தொண்டர் கூட்டம், திருவைந்தெழுத்தின் உட்பொருள் என மேலும் சென்று முடிகின்றது. இதில் ஒன்று உற்று நோக்கற்பாலது. யான் எழுப்பினேன், யான் கண்டேன் என அம்மையார் கூறவில்லை. அறிவித்து, காட்டி, அருளி என எல்லாவற்றையும் குருவின் செயலாகவே வைத்தோதினர். யோகத்தின் முடிவில் அடியார் கூட்டத்தை வைத்தமையோ, அடியாரையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுக என்னும் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் கருத்தோடு முற்றும் இயைகின்றது.

இனி யோகம் பயிலப் புகுவார் பொருட்டு ஆதாரங்களைச் சுருக்கிக் கூறுவாம். மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆஞ்ஞை என்பன ஆறு. இவை முறையே 4, 6, 10, 12, 16, 2 ஆகிய இதழ்களையுடைய தாமரைகளாகப் பாவிக்கப்படும். இதழ்களின் கூட்டுத்தொகை 50. இவற்றிற்கு முறையே விநாயகர், பிரமன், திருமால், உருத்திரன், மகேசுவரன், சதாசிவன் அதிதெய்வங்கள் எனத் தமிழ்ச்சைவ மரபு கூறும். மூலாதாரத்திற்கு விநாயகர் தலைவராதலின் யோகம் கூறும் நூல் அவர்மேற் பாடப்பட்டது. திருவாரூர், திருவானைக்கா, திருவண்ணாமலை, தில்லை, திருக்காளத்தி, காசி என்னும் தலங்களை இவ்வாறு ஆதாரங்களாகக் கொள்வதும் மரபு. இவை உடற்கூற்று நூலார் அறுத்துக் காணும் உறுப்புக்கள் அல்ல. உள்ளத்தை ஒருமுகப்படுத்தி இறைவனைப் பாவித்தற்கு அமைந்த தானங்கள் என்று அறிக. மூலாதாரத்திற் பாம்பு போலச் சுருண்டு உறங்குவதாகக் கூறப்படும் ஆற்றலே குண்டலி. பிராணவாயுவை நெறிப்படுத்திச் சுழுமுனை வழியே அதனை மேலேற்றுதல் குண்டலி யோகம்.

அவ்வாற்றல் யாது என்பதில்தான் சமயநூல்கள் வேறுபடுகின்றன. வங்க நாட்டுப் பூர்ணானந்தர் 1577ஆம் ஆண்டில் இயற்றிய சட்சக்கர நிரூபணம் முதலிய சாக்த நூல்கள், குண்டலினியைப் பராசத்தியாகவே வைத்துப் போற்றுவன. கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் ஜான் உட்ராப் என்னும் ஆங்கிலேயர், ஆர்தர் அவலான் என்னும் புனைபெயரால் அந்நூலை மொழிபெயர்த்து விளக்கி 1919இல் வெளியிட்டார். மேனாட்டார் குண்டலினியைப் பற்றி அறிந்தது பெரிதும் அவ்வழியேயாம். அவர் வழியாக மீண்டு வந்த கருத்தையே நம்மவருட் பலரும் இன்று கொண்டிருக்கின்றனர்.

சைவ சித்தாந்தம் கூறுவது வேறு. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் தொடங்கி வளர்ந்த சாத்திர மரபில், குண்டலி, குடிலை, விந்து, மாமாயை என்பன சுத்தமாயையின் பெயர்கள். சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்னும் நால்வகை வாக்கும், நாதம், விந்து, சாதாக்கியம், ஈசுரம், சுத்தவித்தை என்னும் சிவதத்துவம் ஐந்தும் தோன்றுதற்கு இடமாவது அது. அஃது தூயதாயினும் சடப்பொருளே. இறைவனோடு பிரிவின்றி நிற்கும் அறிவாற்றலாகிய திருவருட்சத்தி வேறு. அவன் தொழிற்படுத்தும் குண்டலி வேறு. குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்னும் உவமையில், மாயை மண்போலவும், சத்தி தண்டசக்கரம் போலவும், சிவன் குயவன் போலவும் கூறப்படுதல் யாவரும் அறிந்ததே. மண்ணைக் கண்டவன் குயவனைக் கண்டானாகான்.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. யோகம் பயில்வார்க்குச் சில காலத்தில் உள்ளொலி கேட்டலும், ஒளி தோன்றலும், உடம்பில் வெம்மையோ நடுக்கமோ உண்டாதலும் கூடும். அவற்றையே சிவதரிசனம் என மயங்கி, நான் சித்தி பெற்றேன் எனச் செருக்குறுவார் உளர். நாதமும் விந்துவும் முப்பத்தாறு தத்துவங்களுள் அடங்கியன என்பதையும், சிவபெருமான் தத்துவங்களைக் கடந்தவன் என்பதையும் அறிந்தவன் அவ்வொலி ஒளிகளில் நின்றுவிடான். ஆணவத்தைத் தேய்த்தற்கு வந்த யோகம் ஆணவத்தை வளர்க்குமாயின், அதனினும் பெரிய இழவு வேறில்லை.

அற்றேல் குண்டலி யோகம் பயனற்றதோ எனின், அன்று. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் அது மூன்றாம் படி. அதன் பேறு சாரூபம். ஞானத்தின் பேறே சாயுச்சியம். யோகநெறியாகிய தோழமை நெறிக்குச் சுந்தரமூர்த்தி சுவாமிகளை எடுத்துக்காட்டாகக் கூறுதல் நம் மரபு. மூச்சடக்குதல் மாத்திரம் யோகமன்று, இறைவனோடு உளம் ஒன்றித் தோழமை கொள்ளுதலே யோகம் என்பது இதனால் விளங்கும். அவர் கயிலை சென்ற நாளோடு அகவலைத் தொடர்புபடுத்திய செவிவழி வரலாற்றிற்கும் இதுவே உட்கருத்தாதல் தகும்.

பயிலப் புகுவார் அடையும் பயன்கள் சில உள. மெல்லென நீண்டு இயங்கும் மூச்சினால் நாடித்துடிப்புத் தணியும், சினமும் பரபரப்பும் அடங்கும், உறக்கம் செம்மையுறும், செபத்திலும் பூசையிலும் மனம் அலையாது நிற்கும். இவை சிறியன போலத் தோன்றினும், அலையும் மனத்தால் திருவைந்தெழுத்தை ஓதி வருந்துவார் இவற்றின் அருமையை அறிவர். வேதாத்திரி மகரிஷி (1911–2006) 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவி, இல்லறத்தார்க்கென எளியமுறைக் குண்டலினி யோகத்தைப் பரப்பியபோதும், குருவின் தீட்சையை முதலில் வைத்தார். கும்பகத்தை வற்புறுத்தாது, புருவ நடுவாகிய ஆஞ்ஞையில் தவத்தைத் தொடங்கி, பின் மூலாதாரத்திற் சாந்தி யோகத்தைக் கற்பித்தார். அவர்தம் கொள்கை சித்தாந்தத்தின் வேறாயினும், குருவின்றி இதனைத் தொடங்கலாகாது என்னும் அளவில் அதுவும் அகவலின் முறையைக் காத்தது.

சைவ அன்பர் இதனைப் பயிலும் முறை வருமாறு. கொல்லாமை, வாய்மை, கள்ளாமை முதலிய இயமமும், தூய்மை, உண்டி சுருக்கம், சிவபூசை முதலிய நியமமும் முன்னர் அமைதல் வேண்டும். ஆசாரியனிடம் சமயதீட்சை பெறுதல் வேண்டும். இனிது இருக்கக்கூடிய ஆசனத்தில் முதுகு நிமிர்ந்திருந்து, மூச்சை வலிந்து அடக்காது, இயல்பாக உள்ளே வாங்கியும் வெளியே விடுத்தும் திருவைந்தெழுத்தை எண்ணுதல் வேண்டும். மூச்சை நிறுத்தும் கும்பகத்தை நூலைப் பார்த்து மட்டும் தொடங்குதல் தகாது. இருதய நோயும் இரத்தக் கொதிப்பும் உடையார் மருத்துவரைக் கேளாது அதனிற் புகுதல் கூடாது. மனக்கலக்கம் நேரின் பயிற்சியை நிறுத்திக் குருவை அணுகுதல் வேண்டும்.

இங்ஙனம் இரண்டு ஔவையாரையும் பிரித்துக் கூறுதலால் தகடூர்க்குப் பெருமை குறையுமோ என்று அந்நாட்டு அன்பர் வருந்தற்க. 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர், இம்மாவட்டத்து அரூர்ப் பக்கத்துள்ள தீர்த்தமலையைத் திருப்புகழிற் பாடினர். ஆறாதார யோகத்தைத் திருப்புகழ் பலவற்றிற் கூறிய அவர்தம் அடிச்சுவடு தகடூர் நாட்டிலும் பதிந்துள்ளது. தகடூர் ஔவையார் தம் அரசன் நீலகண்டனைப் போல் நிலைபெறுக என வாழ்த்தினார். அவ்வரசனும் மாய்ந்தான், அவன் கோட்டையும் பெருஞ்சேரல் இரும்பொறையால் அழிந்தது. உடம்பு நிலையாது, நீலகண்டப் பெருமான் ஒருவனே நிலைப்பான் என்பதனைத் தகடூர் வரலாறே காட்டிற்று. நிலையா உடம்பைக் கருவியாகக் கொண்டு நிலைத்த பொருளை அடையுமாறு பிற்கால ஔவையார் அகவலிற் காட்டினார். முன்னவர் வாழ்த்திய பெருமானையே பின்னவர் தம் சித்தத்துள்ளே கண்டார். குண்டலியை ஏணியென்று அறிந்து ஏறி, ஏணியிலேயே இருந்துவிடாது, குருவருளால் திருவடி நீழலைச் சேர்தல் சைவ நன்மக்கள் கடன்.

திருச்சிற்றம்பலம்.