புள்ளியிடாத சுவடியும் முன்பெருக்கியும்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வு பெற்ற கையோடு ரெக்கார்டு பிளேயர் ஒன்றை வாங்கி, வீட்டிலிருந்த ஆம்ப்ளிஃபயரில் சி.டி. பிளேயருக்குரிய இடத்தில் இணைத்திருக்கிறார். "ஒலி எழவே இல்லை. குமிழை முழுதும் திருப்பினால் தகரத்தின் மீது மணலைக் கொட்டுவது போல் கேட்கிறது. அப்பா சேர்த்து வைத்த தட்டுகள் கெட்டுவிட்டன, எடைக்குப் போட்டுவிடலாமா?" என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். தட்டுகள் கெடவில்லை, அவற்றைப் படிக்கத் தெரிந்த கருவி இடையில் இல்லை. அக்கருவியே ப்ரீஆம்ப்ளிஃபயர். தமிழில் முன்பெருக்கி எனலாம்.

நம் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியிட மாட்டார்கள். மெய்யெழுத்து எது, உயிர்மெய் எது என்பதைப் படிப்பவரே உணர்ந்து படிக்க வேண்டும். இசைத்தட்டும் அத்தகையதே. 1925இல் மின்வழி ஒலிப்பதிவு வணிகத்துக்கு வந்தபோது பொறியாளர்கள் ஒரு சிக்கலை எதிர்கொண்டனர். தாழ்ந்த சுரங்களை உள்ளபடியே வெட்டினால் ஊசி பெரிதாக அலைந்து பக்கத்து வரிப்பள்ளத்தில் புகுந்துவிடும். ஆகவே அவற்றைக் குறைத்து வெட்டினர். பின்னாளில், தட்டின் இரைச்சலை அமுக்குவதற்காக உயர்ந்த சுரங்களை மிகுத்து வெட்டும் வழக்கமும் சேர்ந்தது. குறைத்ததைக் கூட்டி, கூட்டியதைக் குறைத்துப் படிப்பது முன்பெருக்கியின் கடமையாயிற்று.

இதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு வேறுபட்டது. 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டை வெளியிட்டபோது அதற்கெனத் தனிக் கணக்கு வைத்திருந்தது. பிரிட்டனின் டெக்கா வேறொரு கணக்கைப் பின்பற்றியது. இக்குழப்பத்தில் இசை கேட்டுச் சலித்தவர்களுள் ஒருவர் நியூயார்க்கில் வாழ்ந்த வடிவமைப்பாளர் சால் மராண்ட்ஸ். 1950களின் தொடக்கத்தில், பலவகைத் தட்டுகளுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளக்கூடிய 'ஆடியோ கன்சோலெட்' என்னும் முன்பெருக்கியைத் தம் வீட்டிலேயே உருவாக்கினார். மராண்ட்ஸ் நிறுவனம் அதிலிருந்து முளைத்ததுதான்.

1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலினரின் சங்கம் ஒரு பொதுக் கணக்கை வகுத்தது. ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்று அதற்குப் பெயர். 20 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியை 1000 ஹெர்ட்ஸை ஒப்பிட ஏறத்தாழ பத்து மடங்கு உயர்த்தியும், 20,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைத்தும் அது வாசிக்கச் சொல்கிறது. 1958இல் வந்த மராண்ட்ஸ் மாடல் 7 கருவியில் இவ்வளைவோடு பழைய தட்டுகளுக்குரிய தெரிவுகளும் இருந்தன. காலப்போக்கில் அத்தெரிவுகள் பெரும்பாலான கருவிகளிலிருந்து மறைந்தன.

1982இல் குறுந்தகடு வந்தது. இசைத்தட்டின் ஊசி தருவது சுமார் 5 மில்லிவோல்ட். குறுந்தகட்டுக் கருவி தருவதோ சுமார் 2 வோல்ட், அதாவது நானூறு மடங்கு. படித்துத் திருத்தும் வேலையும் இல்லை, பெருக்கும் வேலையும் இல்லை. முன்பெருக்கி வெறும் ஒலியளவுக் குமிழாகச் சுருங்கிற்று. பல ஆம்ப்ளிஃபயர்களில் தட்டுக்குரிய இணைப்பே இல்லாமற் போனது. நண்பர் ஏமாந்தது இவ்வரலாற்றின் விளைவுதான்.

ஆகவே முன்பெருக்கி தேர்வோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, எதைக் கேட்கப் போகிறோம் என்பது. குறுந்தகடு மட்டும் எனில் பெருக்கமே இல்லாத எளிய குமிழ்ப்பெட்டி போதும். ஆனால் அதிலிருந்து செல்லும் கம்பி குட்டையாக இருக்க வேண்டும், இல்லையேல் உயர்ந்த சுரங்கள் மங்கும். இரண்டாவது, இது எதனோடு சேரப் போகிறது என்பது. பிரிட்டனின் குவாட் நிறுவனம் 1953இல் கொணர்ந்த முன்பெருக்கி, தன் மின்சாரத்தையே இணையான பவர் ஆம்ப்ளிஃபயரிலிருந்துதான் பெற்றது. அன்று பொருத்தம் பார்க்கும் வேலை வாங்குபவருக்கு இல்லை. இன்று இரண்டையும் தனித்தனியே வாங்குவதால் நாமே பார்க்க வேண்டியிருக்கிறது. முன்பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பு, பவர் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு மின்மறுப்பில் பத்தில் ஒரு பங்கை மிகலாகாது என்பது நடைமுறை விதி. பழைய வால்வு முன்பெருக்கியை இக்கால டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துவிட்டு, மிருதங்கத்தின் தொப்பி கேட்கவில்லை என்று வருந்துவோர் பெரும்பாலும் இதைப் பார்க்கத் தவறியவர்களே.

மூன்றாவது, தட்டுகளின் வயது. உயர்ந்த சுரங்களை மிகுக்காமல் வெட்டப்பட்ட 78 சுழற்சித் தட்டை ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவில் வாசித்தால், மிகுக்காததையும் கருவி குறைத்துவிடும். பாடுபவரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும். "அக்காலக் குரல்களில் தெளிவில்லை" என்று நாம் தீர்ப்பெழுதிவிடுகிறோம். ஏட்டைத் தவறாகப் படித்துவிட்டுப் புலவரைக் குறை சொல்வதற்கு ஒப்பானது இது.

நண்பரிடம் இவற்றைச் சொன்னேன். வளைவுகளை மாற்றிக்கொள்ளும் வசதியுடைய சிறிய முன்பெருக்கி ஒன்றையும், 78 சுழற்சித் தட்டுகளுக்குரிய அகன்ற ஊசியையும் வாங்கினார். நேற்று மீண்டும் அழைத்தார். பேசவில்லை, தொலைபேசியை ஸ்பீக்கரின் அருகே வைத்துவிட்டார். எடைக்குப் போகவிருந்த தட்டு பாடிக்கொண்டிருந்தது.