மெய்ந்நிகர் வெளியில் செலவும் விரைவும்

கணிப்பொறி படைத்துக் காட்டும் இடப்பரப்பை மெய்ந்நிகர் வெளி என்பர். காண்போர் தாமே வழியைத் தேர்ந்து, விரைந்தோ மெல்லவோ அவ்வெளியில் செல்லுமாறு அமைந்த படைப்புகள் 1970-களின் இறுதி தொட்டுத் தோன்றலாயின. இவை உடலை மறக்கச் செய்வன என்பது பலர் கூறிவரும் கருத்து. அக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பதை, ஜெப்ரி ஷா இயற்றிய 'தி லெஜிபிள் சிட்டி', அஃதாவது 'படிக்கத்தகு நகரம்', என்னும் படைப்பைச் சிறப்பாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இதற்கு முன்னோடியாகச் சுட்டத்தக்கது, 1978-இல் அமெரிக்க மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் தொடங்கிய 'ஆஸ்பென் மூவி மேப்' ஆகும். கொலராடோ மாநிலத்து ஆஸ்பென் நகரத் தெருக்களில் ஊர்தி ஒன்றைச் செலுத்தி, 10 அடிக்கு ஒரு முறை நாற்றிசையும் படமெடுத்து, லேசர் தட்டுகளில் பதித்தனர். திரையைத் தொடுவோர் நேரே செல்லலாம், சந்திகளில் திரும்பலாம். இங்கு விரைவு என்பது நொடிக்கு எத்தனை படம் மாறுகின்றது என்பதேயாம். நொடிக்கு 10 படம் மாறின், மணிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் விரைவில் செல்வதாகத் தோன்றும். விரல் நுனி ஒன்றே அத்துணை விரைவையும் ஆளும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனம் பொருளுதவி செய்த முயற்சி இது. கலை நோக்கில் எழுந்ததன்று. உடல் மறக்கப்படுகின்றது என்னும் கூற்று இதற்குப் பெரிதும் பொருந்தும்.

ஷாவின் படைப்போ வேறு வகையினது. மெல்போர்னில் 1944-இல் பிறந்த இவர், டிர்க் குரோனவெல்டு என்பாருடன் இணைந்து இதனை ஆக்கினார். மன்ஹாட்டன் வடிவம் 1989-இலும், ஆம்ஸ்டர்டாம் வடிவம் 1990-இலும், கார்ல்ஸ்ரூ வடிவம் 1991-இலும் வெளிவந்தன. இருண்ட அறையில் மிதிவண்டி ஒன்று தரையோடு நிலைபெற நிறுத்தப்பட்டிருக்கும், எதிரே பெருந்திரை. மிதித்தால் திரையில் தெரு நகரும். கைப்பிடியைத் திருப்பினால் தெருவும் திரும்பும். அத்தெருக்களின் இரு மருங்கும் கட்டடங்கள் இல்லை. அவை நின்ற இடங்களில் முப்பரிமாண எழுத்துகள் நிற்கின்றன. எழுத்துகள் சொல்லாகவும் சொற்கள் தொடராகவும் தெரு நெடுகத் தொடர்கின்றன. வண்டியின் முன்னுள்ள சிறு திரை, நகரின் தரைப்படத்தில் செல்வோர் நிற்குமிடத்தைக் காட்டும்.

மன்ஹாட்டன் வடிவில் எட்டுப் புனைவுரைகள் உள்ளன. நகரின் முன்னாள் மேயர், கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், வாடகைக்கார் ஓட்டி, ஏமாற்றுக்காரன் எனப் பலர் தனித்துப் பேசுவனவாக அவை அமைந்துள்ளன. ஒவ்வொன்றற்கும் ஒரு நிறம் உண்டு. நிறத்தைப் பின்பற்றின் கதையைப் பின்பற்றலாம். ஏனைய இரு நகர வடிவங்களில் எழுத்துகளின் அளவு, அவை இடங்கொண்ட கட்டடங்களின் அளவினையே ஒத்தது. உரைகளும் ஆவணக் காப்பகங்களிலிருந்து பெரும்பாலும் எடுக்கப்பட்ட அன்றாட நிகழ்ச்சிகளாம். இவ்விரண்டுமே ஆழமானவை என்பது எம் கருத்து. ஊரின் பழஞ்செய்தி, ஊரின் உருவத்தையே தனக்கு உருவாகக் கொண்டு நிற்றல் மன்ஹாட்டன் வடிவில் இல்லாத சிறப்பு.

இனி விரைவைக் காண்போம். கடுகி மிதிப்போர்க்கு எழுத்துகள் சுவர்களாகவே தோன்றி மறையும். அளவாக மிதிப்போர்க்கே அவை சொற்களாகும். நின்றுவிட்டால் தொடரின் எஞ்சிய பகுதி கிட்டாது. ஆகவே படித்தலின் வேகத்தைக் கண் மட்டும் முடிவு செய்வதில்லை; காலும் முடிவு செய்கின்றது. சந்தியில் திரும்பினால் ஒரு தொடர் இடையில் அறுந்து, வேறொன்றின் நடுப்பகுதி வந்து கூடும். இதனால் படிப்போரே நூலாசிரியர் ஆகின்றார் என்பாரும் உளர். அஃது மிகைக் கூற்று. தெருவில் நிற்கும் சொல்லை அவர் ஆக்கவில்லை. வரிசையை மட்டுமே அமைக்கின்றார். ஆனால் அவ்வரிசையைத் தம் உடலுழைப்பால் ஈட்டுகின்றார் என்பதை மறுத்தல் இயலாது.

கனடா நாட்டுச் சார் டேவிஸ் 1995-இல் இயற்றிய 'ஆஸ்மோஸ்' எதிர்த்திசையிலிருந்து இதே இடத்தை அடைகின்றது. தலையில் அணியும் திரைக்கருவியோடு, மார்பில் மூச்சின் அசைவை அளக்கும் உடுப்பும் உண்டு. மூச்சை உள்ளிழுத்தால் மேலெழலாம், வெளிவிட்டால் தாழலாம், உடலைச் சாய்த்தால் திசை மாறும். கைக்கு வேலையில்லை. கடலில் மூழ்கி நீந்திய பயிற்சியே டேவிஸுக்கு இம்முறையைத் தந்தது. மூச்சை விரைவுபடுத்திப் பறந்து செல்லுதல் அரிது. ஆதலின் மெல்லச் செல்லுதல் இப்படைப்பின் இயல்பாகவே அமைந்துவிட்டது.

ஷா 1998-இல் தம் நகரத்தை விரித்து, வெவ்வேறு இடங்களில் மிதிவண்டி ஏறியோர் ஒரே தெருவில் எதிர்ப்பட்டு உரையாடவும் வழி செய்தார். உரையாட நின்றோர்க்குச் சுற்றி நிற்கும் எழுத்து பின்னணியாகிவிடும். முதல் வடிவின் தனிமையே அதற்கு ஏற்றது எனத் தோன்றுகின்றது.

முதல் வடிவை இயக்கிய பழைய கணிப்பொறிகள் அரியவாயின. கார்ல்ஸ்ரூ நகரத்துக் கலை, ஊடக மையத்தார் 2010 முதல் 2012 வரை நிகழ்த்திய கணினிக் கலைப் பாதுகாப்பு ஆராய்ச்சியில் இப்படைப்பும் எடுத்துக்கொள்ளப்பட்டது. பொறியை மாற்றலாம், திரையை மாற்றலாம். மிதிக்கும் அளவுக்கும் தெரு நகரும் அளவுக்கும் உள்ள விகிதம் மாறின், எழுத்து ஒன்றும் திரியாதிருந்தும் பாடம் திரிந்துவிடும். ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏட்டில் பெயர்த்தெழுதுவோர் அஞ்சியது எழுத்துப் பிழைக்கு. ஈண்டு அஞ்ச வேண்டுவது விரைவின் பிழைக்கு.